இல்லாத பிரேக்

மாலை வெயில் முன்கண்ணாடியில் மஞ்சளாய் வழிகிறது. காலமெல்லாம் வாடகைக் கார் ஓட்டியவர் இன்று பக்கத்து இருக்கையில் உட்கார்ந்திருக்கிறார். ஓட்டுவது, போன வாரம்தான் லைசென்ஸ் வாங்கிய அவர் மனைவி. "கிளட்ச்ல இருந்து காலை எடும்மா, பிளேட் தேஞ்சா மாத்துறதுக்குள்ள விழி பிதுங்கிடும். பெட்ரோல் விக்கிற விலைக்கு இப்படி மிதிச்சா கட்டுப்படியாகுமா?" கியர் கரகரக்கும்போதெல்லாம் அவர் இருக்கையின் விளிம்பைப் பிடித்துக்கொள்கிறார். அவள் கண் சாலையிலேயே இருக்கிறது. திடீரென்று ஒரு சந்திலிருந்து, சிவப்பும் பச்சையுமாய் பிளாஸ்டிக் வாளிகளை மலைபோல் கட்டிய சைக்கிள் இந்தப் பக்கம் அந்தப் பக்கம் பார்க்காமல் குறுக்கே வருகிறது. அவர் பல்லைக் கடித்துக்கொண்டு வலது காலால் ஓங்கி மிதிக்கிறார். கார் அலுங்காமல் நிற்கிறது. வாளிகள் வெயிலில் மினுங்கியபடி ஆடி அசைந்து கடந்து போகின்றன. "அப்பாடா! நல்ல நேரத்துல பிரேக் போட்டேன்" என்று அவர் நெற்றியைத் துடைக்கிறார். அவள் குனிந்து அவர் காலடியைப் பார்க்கிறாள். அங்கே பிரேக் ஏது? நசுங்கிக் கிடக்கும் ரப்பர் மிதியடிதான் இருக்கிறது. அவருக்கும் அப்போதுதான் உறைக்கிறது. அசடு வழியச் சிரிக்கிறார். அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு கியரைப் போடுகிறாள், இம்முறை சத்தமே இல்லாமல். "ஏங்க, அந்த மிதியடி தேஞ்சா மாத்த எவ்வளவு ஆகும்?"