மைனஸ் இரண்டு நாள்

மருத்துவமனை ரகசியக் குறியீட்டால் பூட்டி அனுப்பும் ரத்த விவரங்களைத் திறக்காமலே கணினியில் கணக்கிட்டுத் தருவது என் வேலை. சாவி அவர்களிடம்தான். கணக்கு நீள நீள உள்ளே இரைச்சல் போலச் சின்னச் சின்னப் பிழைகள் சேரும். அவற்றைத் துடைத்துப் புதுப்பிக்க முன்பு நாற்பது நிமிடம் பிடித்தது. நான் இரண்டு நொடிக்குக் கொண்டுவந்தேன். இன்று ஒரு பதிவுக்கு மட்டும் பிடித்த நேரம் மைனஸ் இரண்டு நாள் என்று திரை காட்டியது.

"கடிகாரக் கோளாறா இருக்கும், விடும்மா," என்றார் மேலாளர்.

மாலையில் மருத்துவமனை ஆய்வகத்து அக்கா போன் செய்தார். "இன்னைக்கு நீங்க அனுப்பினதுல உன் வீட்டுக்காரர் பேர்ல ஒரு முடிவு வந்திருக்கு. ஆனா அவருக்கு நாங்க இன்னும் ரத்தமே எடுக்கலையே."

"பயப்படுற மாதிரியாக்கா?"

"நேர்ல கூட்டிட்டு வா."

வீட்டில் அவர் நகம் வெட்டிக்கொண்டிருந்தார். "நாளன்னைக்கு ஆபீஸ்ல எல்லாரையும் ரத்தப் பரிசோதனைக்கு அனுப்புறாங்களாம்," என்றார். "கல்லு மாதிரி இருக்கிறவனுக்கு எதுக்கு அதெல்லாம்."