கட்டைவிரலுக்குக் கடலை மிட்டாய்

செத்து ஆறு நிமிடம் ஆகிவிட்டது.

கூடத்தில், மின்விசிறிக்கு நேர் கீழே, மல்லாந்து கிடந்தார். பல்செட்டைக் கழற்றி வைத்திருந்தார். வாய் லேசாகத் திறந்திருந்தது. எல்லாம் தத்ரூபமாக இருக்கட்டுமே என்றுதான்.

வெள்ளிக்கிழமைதோறும் காலை பதினோரு மணிக்கு அவர் சாவார். பதினான்கு வருடமாக. பஸ் கண்டக்டராக இருந்த காலத்தில்கூட இத்தனை நேரம் தவறாமல் இருந்ததில்லை.

அடுப்பில் அலுமினியச் சட்டியில் கொஞ்சம் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. அதுவும் ஏற்பாடுதான்.

மகன் வந்து தலைமாட்டில் நின்றான். மந்திரமூர்த்திக்கு நாற்பத்தாறு வயது. காதோரம் அப்பாவைவிட அதிகம் நரைத்துவிட்டது.

இடது கையை விரித்துப் பார்த்தான்.

சுண்டுவிரல், அடுப்பை அணைக்க. மோதிரவிரல், வாசல் கதவைத் திறக்க. நடுவிரல், போனில் இரண்டை அழுத்த. மணி அடித்தால் கீழ்வீட்டுப் பேச்சியம்மாள் ஏறி வந்துவிடுவாள். ஆள்காட்டிவிரல், அவள் வரும்வரை அப்பா பக்கத்தில் உட்கார.

கட்டைவிரலுக்குக் கடலை மிட்டாய். செத்தவர் கண்ணைத் திறந்து 'பாஸ்' சொல்லி, சட்டைப்பையிலிருந்து எடுத்துக் கொடுப்பார்.

மூன்று வருடம் முன்பு அவன் அம்மா சமையலறையில் விழுந்தபோது வீட்டில் அவன் மட்டும்தான் இருந்தான்.

அடுப்பை அணைத்தான். கதவைத் திறந்தான். இரண்டை அழுத்தினான். பக்கத்தில் உட்கார்ந்தான். ஒன்றுகூடப் பிசகவில்லை.

பிறகு அம்மாவிடம் கையை நீட்டினான்.

தெருவே வந்து கூடிய பிறகும் அந்தக் கையை மடக்கவில்லை.

அவர்தான் டப்பாவைத் தேடி, ஒரு மிட்டாயை எடுத்துவந்து, அந்தக் கையில் வைத்தார். 'பாஸ்' என்று சொல்ல அன்று அவருக்கு வாய் வரவில்லை.

இன்று மந்திரம் சுண்டுவிரலைத் தொட்டான்.

மறுபடி தொட்டான்.

யாரோ கொடுத்துவிட்டுப் போன விரல் மாதிரி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

நான்கு வாரமாக இப்படித்தான். டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களுக்கு நாற்பதைத் தாண்டினாலே மறதிநோய் வந்துவிடலாம் என்றார் டாக்டர். "எனக்கு எழுபத்தெட்டு சார், எனக்கே இன்னும் வரலியே" என்று இவர் சிரித்தார். டாக்டர் சிரிக்கவில்லை.

தனக்குப் பிறகு அவன் என்ன செய்வான் என்ற ஒரே பயத்துக்காகத்தான் இத்தனை சாவும். தான் போவதற்குள் அவன் கற்றுக்கொண்டுவிட வேண்டும். கற்றும்கொண்டான். இவர் போவதற்குள் அவன் மறந்தும்விடுவான் என்பதை மட்டும் இவர் யோசிக்கவில்லை.

"அடுப்பு" என்று முணுமுணுத்தார்.

பிணம் பிட் கொடுக்கக் கூடாதுதான். சட்டம் போட்டவரே அவர்தான்.

"அடுப்பு" என்றான் மந்திரம், மின்விசிறியைப் பார்த்து.

பிறகு விரல்களை ஒவ்வொன்றாக மடக்கினான். கைலியை இடுக்கிக்கொண்டு மெதுவாக உட்கார்ந்தான். அப்பாவை ஒட்டிப் படுத்தான்.

கண்ணை மூடினான். வாயை லேசாகத் திறந்துவைத்துக்கொண்டான்.

சட்டியில் கொதிக்கிற சத்தம் குறைந்தது.

நின்றது.

கருகுகிற வாடை வந்தது.

இரண்டு பேரும் இப்படியே கிடந்துவிட்டால் என்ன என்று ஒரு நினைப்பும் கூடவே வந்தது. எவ்வளவு லேசாக வந்தது என்று பார்த்துத்தான் அவர் பயந்துபோனார்.

எழுந்தார். ஒரு முழங்கால் முன்னால் வந்தது. இன்னொன்று யோசித்துவிட்டு வந்தது.

செய்து காட்டினால் ஒருவேளை ஞாபகம் வரலாம்.

"இங்கே பாருல மந்திரம். சுண்டுவிரல். அடுப்பு." அணைத்தார்.

"மோதிரவிரல். கதவு." திறந்தார்.

"நடுவிரல். ரெண்டு." அழுத்தினார். கீழ்வீட்டில் மணி அடிப்பது மாடிக்குக் கேட்டது.

"ஆள்காட்டி." மகன் பக்கத்தில் உட்கார்ந்தார்.

மந்திரம் அசையவில்லை. நல்ல பிணம். அவரைவிட நல்ல பிணம்.

மார்பு ஏறி இறங்குகிறதா என்று குனிந்து பார்த்தார்.

ஒரு கண் திறந்தது.

"பாஸ்" என்றான்.

அப்பாவின் சட்டைப்பைக்குள் கையை விட்டான். மிட்டாயை எடுத்தான். மெனக்கெட்டுத் தாளைப் பிரித்து, அவர் வாயில் வைத்தான்.

கடிக்கப் பல் இல்லை. கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டார்.

பேச்சியம்மாள் படியேறி வருகிற சத்தம். வாசலில் நின்று மூச்சு வாங்கினாள். கையெல்லாம் இட்லி மாவு.

"நாலு வாரமா போனையே காணும். வெள்ளிக்கெழமன்னா போன் பக்கத்துலயே நின்னுட்டுக் கெடந்தேன் அண்ணாச்சி. இன்னைக்கு அடிச்சிட்டான் பாத்தியளா!"

அவர் வாயைத் திறந்தார். மிட்டாய் குறுக்கே நின்றது.

"சட்டி லேசா கருகின வாட வருது. போவுது, விடுங்க. அடுப்ப அணைச்சிருக்காம்லா, கதவத் தொறந்திருக்காம்லா!" முழங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அந்த டாக்டர் கெடக்காரு. எம்புள்ளைக்கி எல்லாம் ஞாபகம் இருக்கு. இருக்குல்லா அண்ணாச்சி?"

மந்திரம் படுத்தபடியே அவளைப் பார்த்துச் சிரித்தான்.

அவர் ஆமாம் என்று தலையாட்டினார்.