பத்து மணிப் பருந்து

ஐந்து குஞ்சுகளோடு ஒரு கோழி, காக்கையின் கடிகாரக் கடைக்குப் போனது. தினமும் பத்து மணிக்கு வருகிற பருந்து, நேற்றுதான் அதன் ஆறாவது குஞ்சைத் தூக்கிப் போயிருந்தது.

“சின்னதா, அழகா ஒண்ணு இருக்கு, பாருங்கக்கா,” என்றது காக்கை.

“அழகை வெச்சு நான் என்ன பண்ண? விமானம் ஓட்டுறவங்க கட்டுற கடிகாரமா எடுங்கண்ணே. அவன் பறந்துதானே வர்றான்!”

காக்கை பெரிய வட்டமான ஒன்றை எடுத்து, கோழியின் காலில் கட்டிவிட்டது. “ஒரு நொடி தப்பாது. இருட்டினாலும் எண்ணெல்லாம் பச்சையா எரியும்.”

கோழிக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. மறுநாள் காலை குஞ்சுகளைக் குப்பைமேட்டில் மேயவிட்டது. பத்துக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது கூடைக்குள் போய்விட்டால் போதும்.

“அம்மா, மேலே என்னமோ சுத்துது,” என்றது கடைக்குட்டி.

கோழி காலைத் தூக்கிப் பார்த்தது. “அவனா இருக்காதுடி. இன்னும் இருபது நிமிஷம் இருக்கு. நீ மேய்.”

“அம்மா, கீழே வருது!”

கோழி மறுபடியும் காலைத் தூக்கியது. கடிகாரத்தின் மேல் நிழல் விழுந்து இருட்டியது. காக்கை சொன்னது பொய்யில்லை. எண்களெல்லாம் பச்சையாக எரிந்தன. மணி ஒன்பது நாற்பதுதான்.