தலைகீழாக நின்ற யானை

வெட்டுப்பட்டுச் சதுரங்கப் பலகைக்கு வெளியே நின்ற கறுப்பு யானைக்கு வாய் ஓயவில்லை.

"இப்பல்லாம் யாருப்பா செஸ் ஆடுறாங்க? மீசை முளைக்காததெல்லாம் சாம்பியனாம். நிதானம்னா என்னன்னு தெரியுமா அதுங்களுக்கு?"

"உங்களை வெட்டினதே ஒரு பொடிச் சிப்பாய்தானேண்ணே," என்றது பக்கத்தில் கிடந்த குதிரை.

யானை காதில் வாங்கவில்லை.

அந்நேரம் பலகையில் ஒரு கறுப்புச் சிப்பாய் தட்டுத்தடுமாறிக் கடைசிக் கட்டத்தைத் தொட்டுவிட்டது. இனி அது ராணி. ஆனால் கறுப்பு ராணி இன்னும் ஆட்டத்தில் இருந்தது, வேறு ராணிக் காய் இல்லை. ஆடியவர் வழக்கம்போல யானையை எடுத்து, தலைகீழாகக் கவிழ்த்து, சிப்பாயின் இடத்தில் ராணியாக வைத்தார்.

யானைக்கு ஒரு நொடி தலை சுற்றியது. பிறகு பார்த்தால், எட்டுத் திசையும் அதற்குத் திறந்து கிடந்தது.

"நான் அப்பவே சொன்னேன்ல குதிரை," என்றது, தலைகீழாக நின்றபடியே. "இது சின்னப் பசங்க காலம்."