முப்பத்துநாலு போன்

முப்பத்துநாலு போனையும் பாறைமேல் துண்டை விரித்து வரிசையாக அடுக்கிவிட்டு, ஒன்றைக்கூடத் தொடாமல் உட்கார்ந்திருந்தான் வெற்றிவேல்.

மணி பதினொன்றே முக்கால். பன்னிரண்டோடு ஓட்டு முடிந்துவிடும்.

மலைமேல், புதூர்நாட்டுப் பக்கம் அவர்கள் ஊரில் டவர் கிடையாது. இந்தப் பாறையில் ஏறினால்தான் போனுக்கு உயிர் வரும். டிவி பாட்டுப் போட்டியில் அவன் பெண்டாட்டி தேவயானி மேடை ஏறியதிலிருந்து, ஞாயிற்றுக்கிழமை காலையில் ஊரே தன் போனைக் கொண்டுவந்து ஜீப் ஓட்டும் இவன் கையில் கொடுத்துவிடும்.

ஒரு போனுக்கு ஐம்பது ஓட்டு. ஒவ்வொன்றாக அமுக்க வேண்டும். யாரும் போனுக்கு லாக் போடக் கூடாது என்று ஊர்க்கூட்டத்தில் கட்டுப்பாடே போட்டிருந்தார்கள். நம்பிக்கை என்றால் அப்படியொரு நம்பிக்கை.

ஒன்பது வாரம் அமுக்கினான். ஓர் ஓட்டுக் குறைந்ததில்லை.

போன வாரம்தான் வந்தது வினை. பாடி முடித்த தேவயானியை அவளுடைய கோச், அந்தப் பெரிய பாடகர், நாற்காலியை விட்டு எழுந்துவந்து தோளில் தட்டினார். இந்தக் குரல் இனிமேல் மலைக்குத் திரும்பக் கூடாது, நான் விடமாட்டேன் என்றார். அரங்கமே கைதட்டியது. தேவயானி கண்ணைத் துடைத்துக்கொண்டு தலையாட்டினாள்.

ஊர்க்காரர்கள் விசிலடித்தார்கள். இவனும் வாய்க்குள் விரலை விட்டான். சத்தம்தான் வரவில்லை.

அந்தத் தலையாட்டல் அவனை ஒரு வாரமாகத் தின்றது. ரெண்டு மாதத்துக்கு மேலாகத் தானே பொங்கித் தின்கிறான், அது ஒன்றும் பெரிசில்லை. அவள் வராமலே போய்விட்டால்? மலையில் ஆள் ஏற்றி இறக்குகிறவனுக்கு மெட்ராஸில் என்ன வேலை இருக்கிறது? அவள் பக்கத்தில் இவனை யார் நிற்க விடுவார்கள்?

இன்றைக்குத் தோற்றால் நாளைக்கே வந்துவிடுவாள். அதற்கு அவன் கெடுதல் எதுவும் செய்யவேண்டியதில்லை. சும்மா இருந்தால் போதும்.

சும்மா இருந்தான்.

பன்னிரண்டு தாண்டியதும் போன்களைப் பையில் அள்ளிப் போட்டுக்கொண்டு இறங்கினான். ஊர்ப் பெரியவர் கண்ணாயிரம் பாதி வழியிலேயே காத்துக்கொண்டிருந்தார்.

"இன்னாப்பா, என்னுதுல அம்பதும் வுழுந்துச்சா?"

"வுழுந்துச்சு மாமா."

எவ்வளவு சுலபமாக வந்தது அந்தப் பொய்! தன் மூஞ்சியிலேயே காறித் துப்பிக்கொள்ளலாம் போலிருந்தது.

சாயந்திரம் ஏழு மணிக்குக் கண்ணாயிரம் வீட்டு டிவி முன்னால் ஊர் கூடியது. வெற்றிவேல் கடைசியில், கதவோரமாக உட்கார்ந்தான். மேடையில் தேவயானியும் சேலத்துப் பெண் ஒருத்தியும் கைகோத்து நின்றார்கள். இழுத்து இழுத்துக் கடைசியில் சேலத்துப் பெண்தான் ஜெயித்தாள் என்றார்கள்.

அய்யோ என்றது ஊர்.

அவன் நினைத்தது நடந்துவிட்டது. சந்தோஷம் எங்கேயாவது இருக்கிறதா என்று தேடிப் பார்த்தான். மருந்துக்கும் இல்லை.

தேவயானியின் கையில் மைக்கைக் கொடுத்தார்கள். அவள் அழவில்லை. சிரித்துக்கொண்டேதான் பேசினாள்.

"எங்க ஊர்ல டவர் இல்லீங்க. வாராவாரம் எல்லாரு போனையும் வாங்கிக்கினு, எங்க வூட்டுக்காரரு பாறை மேல ஏறிக் குந்திக்கினு ஓட்டுப் போடுவாரு. அமுக்கி அமுக்கி அவரு விரலே தேஞ்சி போயிருக்கும். நாளைக்கு வந்து நான்தான் எண்ண போட்டு நீவி வுடணும்."

அரங்கம் எழுந்து நின்று கைதட்டியது. இந்தத் தடவை அவளுக்காக அல்ல, அவனுக்காக. கோச் தன் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

ஊர் மொத்தமும் திரும்பி வெற்றிவேலைப் பார்த்தது. பூமி பிளந்தால் உள்ளே போய்விடலாம் என்றிருந்தது அவனுக்கு.

சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தான். திறந்த வேகத்திலேயே முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டான். அழுகிறான் என்று நினைத்துக் கண்ணாயிரம் அவன் முதுகைத் தடவினார்.

"வுடுப்பா. உன்னால ஆனத நீ செஞ்ச."

அப்போது அவன் மாமியார் பெரியம்மாள் பெண்கள் பக்கமிருந்து எழுந்து வந்தாள். கல்யாணமான நாளிலிருந்து மாப்பிள்ளைக்கு எதிரில் உட்காராதவள் அவள். எதைச் சொல்வதானாலும் கதவுக்குப் பின்னாலிருந்துதான் சொல்லுவாள். அவள் இன்று ஊர் பார்க்க அவன் காலடியில் வந்து குந்தினாள். கண்ணாயிரம் வீட்டுச் சமையலறையிலிருந்து வாங்கி வந்த விளக்கெண்ணெய்க் கிண்ணம் கையில் இருந்தது.

"அவ வர்ற வரைக்கும் நோவோட இருப்பீங்களா? கைய நீட்டுங்க மாப்ள."

நீட்டினான்.

அவள் கட்டைவிரலைப் பிடித்து, எண்ணெயைத் தொட்டு, மெதுவாக நீவினாள். எந்த இடத்தில் வலிக்கிறது என்று கேட்டாள்.

வெற்றிவேல் குனிந்த தலை நிமிராமல், இடத்தையும் காட்டினான்.