கேலனுக்குப் பதினைந்து மைல்

"டேங்க ரொப்பிக்கினு மாமல்லபுரம் போயி, திரும்பி வந்து மறுபடியும் ரொப்பினோம். நானே கூட ஒக்காந்து பாத்த கணக்கு. கேலனுக்கு இருபத்தெட்டு மைலு."

செங்கல்பட்டு ஜவுளிக்கடை பஷீருதீன் நோட்டை டிரைவர் சடையப்பனின் மூக்கருகே நீட்டினார்.

"வாரக் கணக்கு போட்டா மட்டும் பதினஞ்சுதான் வருது. அது எப்டிப்பா?"

சடையப்பன் நோட்டைப் பார்க்காமல், வீட்டு வாசலில் நின்ற காரின் கண்ணாடியைத் துடைத்தான்.

மெக்கானிக் இரண்டு முறை இஞ்சினைப் பிரித்துப் பார்த்துவிட்டார். எங்கும் ஒழுகல் இல்லை. காலையில் கடை வாசலில் பஷீருதீனை இறக்கிவிட்டு வண்டி வீட்டுக்குப் போகும். சாயங்காலம் அழைக்க வரும்போது, மீட்டரில் அந்தப் போய்வந்த தூரம்தான் கூடியிருக்கும். பெட்ரோல் மட்டும் இறங்கியிருக்கும்.

"வூட்டாண்ட நிக்கிற வண்டிலேர்ந்து எடுத்து விக்கிற. அதான?"

"நான் எடுக்கல பாய்."

"அப்ப யாரு?"

சடையப்பனின் பார்வை வீட்டு வாசல்படிக்குப் போய்த் திரும்பியது.

"ஒன்னால பெரிய பேஜாராப் போச்சு. சாவியக் குடுத்துட்டுக் கெளம்பு. சதுரங்கப்பட்டினத்துக்கு நான் பஸ்ல போய்க்கிறேன்."

சடையப்பன் நீட்டிய சாவியை, வீட்டுக்குள்ளேயிருந்து வந்த லத்தீஃபா வாங்கிக்கொண்டாள். கணவரை நிமிர்ந்து பார்க்காமல் நேரே போய் ஸ்டியரிங்கின் முன் உட்கார்ந்தாள். வண்டி ஒரு குலுக்கலும் இல்லாமல் கிளம்பி பஷீருதீனின் பக்கத்தில் வந்து நின்றது.

"ஏறுங்க, போலாம்" என்றவள், சடையப்பன் பக்கம் திரும்பினாள்.

"இனிமே மத்தியானத்துல மீட்டர் ஒயரக் கழட்ட வாணாம் அண்ணாத்த. நான் ஓட்டுற மைலும் அவரு நோட்டுல ஏறட்டும்."