கம்பிப் பூட்டு

"வீட்டுல துப்பாக்கி இருக்கா?"

கேட்டேவிட்டாள் கொரீன். வாசல் மிதியடியில் நின்றபடி, உள்ளே காலெடுத்து வைக்கும் முன்பே.

கதவைத் திறந்த டார்லா ஒரு கணம் விழித்தாள். பிறகு சிரித்துவிட்டாள்.

"நாளைக்கு மான் வேட்டை சீசன் ஆரம்பம். இன்னிக்கு வந்து இந்த ஊர்ல இப்படிக் கேட்கிறியே! சர்ச்சுக்குள்ள வந்து பைபிள் இருக்கான்னு கேட்கிற மாதிரி இருக்கு. உள்ளே வா. எமெட் எங்கே?"

"கார்ல இருக்கான். நான் வந்து கூப்பிட்டப்புறம் இறங்கினா போதும்னு சொல்லியிருக்கேன்."

எமெட் அவளுடைய ஒரே மகன். பத்தாம் வகுப்பு. டார்லாவின் மகன் டிராவிஸ் இன்று இரவு தங்கிப் போக அவனை அழைத்திருந்தான். இந்த வருஷத்தில் எமெட்டை யாரும் வீட்டுக்கு அழைத்தது இதுதான் முதல் தடவை. அழைப்பு வந்த அன்று சாப்பாட்டு மேசையில் அவன் சிரித்தான். அந்தச் சிரிப்பைக் கெடுத்துவிடக் கூடாதே என்று வழியெல்லாம் வேண்டிக்கொண்டுதான் கொரீன் வண்டியோட்டி வந்திருந்தாள்.

சமையலறையில் மான்கறி கொதித்துக்கொண்டிருந்தது. நாற்காலி முதுகுகளில் ஆரஞ்சு நிற வேட்டைச் சட்டைகள். டார்லாவின் கணவன் லைல் பூட்ஸுக்கு எண்ணெய் தடவிக்கொண்டிருந்தான்.

"லைல், நம்ம வீட்டுல துப்பாக்கி இருக்கான்னு கொரீன் கேட்கிறா."

"பிள்ளைங்க ராத்திரி தங்கறதுன்னா, வேர்க்கடலை ஒத்துக்குமா, நாய் கடிக்குமான்னுதான் கேட்பாங்க. இப்ப இதுவும் சேர்ந்துடுச்சா?" லைல் கட்டைவிரலால் பின்னால் காட்டினான். "இருக்கே, தாயே. அதோ."

கூடத்தில் கண்ணாடிக் கதவு போட்ட மர அலமாரி. உள்ளே வரிசையாக நீளத் துப்பாக்கிகள். பக்கத்து ஆணியிலேயே சாவி தொங்கியது.

கொரீன் அந்த ஆணியைக் காட்டினாள். "சாவியை இப்படி எல்லாரும் பார்க்கவா மாட்டி வெச்சிருக்கீங்க?"

"எங்கப்பா காலத்துலருந்து அங்கேதான் தொங்குது. டிராவிஸ் சின்ன வயசுலேயே வேட்டைப் பயிற்சி முடிச்சவன். கேட்காம தொட மாட்டான்."

"இன்னிக்கு ஒரு ராத்திரி மட்டும் அதை நீங்க பாக்கெட்டுல வெச்சுக்க முடியுமா?"

"பைஜாமாவுல பாக்கெட் இல்லையே!"

டார்லா களுக்கென்று சிரித்தாள். கொரீன் சிரிக்கவில்லை. ஜன்னல் வழியாகக் காரை ஒரு பார்வை பார்த்துக்கொண்டாள். பிறகு கைப்பையைத் திறந்து, பிளாஸ்டிக் உறை போட்ட கம்பிப் பூட்டுகளை எடுத்து மேசைமேல் வைத்தாள்.

"ஷெரிஃப் ஆபீஸ்ல, போலீஸ்காரங்களே இனாமா கொடுக்கிறாங்க. துப்பாக்கிக்குள்ள இதைக் கோத்துப் பூட்டிட்டா யாராலயும் சுட முடியாது. நானே மாட்டிடறேன். சாவி என்கிட்ட இருக்கட்டும்."

"விடியறதுக்கு முன்னாடி நான் காட்டுல இருக்கணும்! சாவிக்கு உங்க வீட்டு வாசல்ல வந்து நிக்கவா?"

"நான் வீட்டுக்கே போகல. தெருமுனையில கார்லயே இருக்கேன். நீங்க கிளம்பறப்ப வந்து திறந்துவிடறேன்."

லைல் பூட்ஸைக் கீழே வைத்தான். குரலில் இருந்த கேலி போய்விட்டது.

"டீச்சருங்க கையில துப்பாக்கி கொடுக்கலாமா வேணாமான்னு போன வாரம் ஸ்கூல் மீட்டிங்ல ஊரே ரெண்டாப் பிரிஞ்சு கத்துச்சு. நான் கத்தினேன். டார்லா என்னையே எதிர்த்துக் கத்தினா. நீங்க மட்டும் கையைப் பிசைஞ்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தீங்க. இப்ப என் வீட்டுக்கு வந்து சட்டம் போடறீங்களா?"

"நான் சட்டம் பேச வரல, லைல்."

"பின்னே என்னவாம்? உங்க வீட்டுக்காரர், பாவம், ஆசையா வெச்சிருந்த பிஸ்டல். அவர் போனப்புறம் அதையும் செப்டம்பர்ல ஷெரிஃப்கிட்ட ஒப்படைச்சுட்டீங்களாமே! என்கிட்டயாவது கேட்டிருக்கலாம்ல?"

"விடு, லைல்." டார்லா வந்து கொரீனின் கையைப் பிடித்துக்கொண்டாள். "பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூடத்துல துப்பாக்கிச் சூடு நடந்ததுலருந்து எனக்கும்தான் நிம்மதி இல்ல. டிராவிஸ் பஸ் ஏறிட்டான்னா அவன் திரும்பி வர்ற வரைக்கும் போனையே பார்த்துட்டிருப்பேன். ஆனா எங்க பையனைப் பத்தி உனக்குத் தெரியாதா? அடிபட்ட அணிலைத் தூக்கிட்டு வந்து என் துண்டுல படுக்க வைக்கிறவன் அவன்."

"தெரியும், டார்லா. கேன்டீன்ல எமெட் பக்கத்துல வந்து உட்கார்ற ஒரே பையன் அவன்தான்."

"அப்புறம் என்னடி?"

மாடியிலிருந்து டிராவிஸ் கத்தினான். "அம்மா! எமெட் வந்தாச்சா? ஏன் கார்லயே உட்கார்ந்திருக்கான்? நான் போய்க் கூட்டிட்டு வரேன்!"

"இரு!" என்று லைல் மேலே பார்த்து அதட்டினான். பிறகு கொரீன் பக்கம் திரும்பினான். "என் மகன் மேல நம்பிக்கை இல்லேன்னா நேராச் சொல்லுங்க. இந்தப் பூட்டையெல்லாம் எடுத்துக்கிட்டு, உங்க பையனையும் கூட்டிக்கிட்டுக் கிளம்புங்க."

கொரீன் பூட்டுகளை எடுக்கவில்லை. அவற்றை லைல் பக்கம் நகர்த்தி வைத்தாள்.

"டிராவிஸைப் பத்தி நான் ஒரு வார்த்தை தப்பாச் சொன்னேனா?"

"அப்ப யாருக்குப் பயந்து இவ்வளவும்?"

அவள் மறுபடியும் ஜன்னலைப் பார்த்தாள். காருக்குள் எமெட் தலை நிமிராமல் உட்கார்ந்திருந்தான்.

"செப்டம்பர்ல ஷெரிஃப்கிட்ட ஒரு பிஸ்டல் கொடுத்தேன்ல, லைல்," என்றாள், மாடிக்குக் கேட்காத குரலில். "அதை நான் எங்க பீரோவுலருந்து எடுக்கல. எமெட்டோட ஸ்கூல் பையிலருந்து எடுத்தேன்."